வீடு என்றிருந்த எண்

ஃபோனை அவர் மனசில்லாமல்தான் கொடுத்தார்.

கடையில் வேலை பார்க்கும் ஞானசெல்வி அதை வாங்கிக் கம்ப்யூட்டரோடு இணைத்தாள். அவர் ஃபோனில் கிடந்த பெயர்களும் எண்களும் ஒரு பொதுக் கணக்குக்குப் போக வேண்டும். அங்கிருந்து மூன்று ஃபோன்களுக்கும் வரும். அவருடையது, அவளுடையது, வண்டி ஓட்டும் இசக்கியுடையது. ஒன்றில் பெயரை மாற்றினால் மூன்றிலும் மாறிவிடும்.

இனி யார் கூப்பிட்டாலும் யாரும் எடுக்கலாம். அவர் கடையில் இருந்துதான் ஆக வேண்டும் என்பதில்லை.

எல்லாம் கொஞ்ச நாளைக்குத்தான். வடிவு ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பி வரும்வரை.

மனைவியைப் பற்றி யார் கேட்டாலும் அவர் அப்படித்தான் சொன்னார். டாக்டர் 'பார்க்கலாம்' என்றிருந்தார். அவர் அதை நல்ல சொல்லாக எடுத்துக்கொண்டார். வேறு எப்படி எடுத்துக்கொள்வது?

ஃப்ரீசர் பாக்ஸ் வாடகைக்கு விடும் கடை அது. சாவு வீட்டுக்குப் பெட்டி போகும், காரியம் முடிந்ததும் திரும்பும். மறுபடியும் வாங்க என்று யாரிடமும் சொல்ல முடியாத வியாபாரம்.

ஆனால் ஒரே வீட்டிலிருந்து இரண்டு மூன்று தடவை ஃபோன் வரும். கரண்ட் போயிட்டு, என்ன செய்ய என்பார்கள். துபாயிலிருந்து மகன் வர இன்னும் ஒரு நாள் ஆகும், பெட்டி இருக்கட்டும் என்பார்கள். அப்போது எடுக்கிற ஆள், யார் தவறியது என்று மறுபடி கேட்கக் கூடாது. ஒரு தடவை சொல்வதே அவர்களுக்குப் பெரும்பாடு.

அதனால் அவர் ஒரு சட்டம் வைத்திருந்தார். எண்ணைச் சேமிக்கும்போது பெயர் போடுவதில்லை. தெரு. பக்கத்திலேயே, இறந்தவர் அந்த வீட்டுக்காரருக்கு என்ன உறவோ அது.

மேட்டுத் தெரு, அப்பா.

சர்ச் தெரு, தங்கச்சி.

கடையில் அவர் வைத்த சட்டம் அது ஒன்றுதான். ஞானசெல்விக்கும் இசக்கிக்கும் அது தண்ணிபட்ட பாடு.

பின்னால் கொட்டகையில் இசக்கி ஒரு பெட்டியைக் கழுவிக்கொண்டிருந்தான். இருப்பதிலேயே புதியது. நேற்றும் அதைத்தான் கழுவினான், நேற்று அது எங்கேயும் போகவில்லை. அவர் கண்ணில் அது பட்டது. மனதில் படவில்லை.

"முடிஞ்சிட்டு, அண்ணாச்சி" என்று ஞானசெல்வி ஃபோனை நீட்டினாள். முகத்தைப் பார்க்காமல் நீட்டினாள்.

கைக்கு வருவதற்குள் மணி அடித்தது.

திரையில், கீழத் தெரு, மனைவி.

தொழில் புத்தி முந்திக்கொண்டது. பாவம், யார் வீடோ. குரலைத் தாழ்த்திக்கொண்டு எடுத்தார்.

"ஏங்க, வரும்போது சீப்பு எடுத்துட்டு வாங்க. தலையெல்லாம் சிக்கா கிடக்கு."

வடிவு.

இரண்டு வார்த்தைக்கு ஒரு தடவை மூச்சு வாங்கினாள். எந்தச் சீப்பு என்று கேட்டார். பச்சைச் சீப்பு, கண்ணாடிக்குப் பின்னால் இருக்கும் என்றாள். அங்கே இல்லாவிட்டால் பீரோ மேல் பாருங்கள் என்றாள். இவ்வளவும் பேசுகிறாளே என்று அவருக்கு இருந்தது.

வைத்த பிறகும் அந்த எழுத்துகள் கொஞ்ச நேரம் திரையில் நின்றன.

அவர் இருப்பது கீழத் தெருவில்.

ஃபோன் வாங்கிய நாளிலிருந்து அந்த எண்ணுக்கு அவர் போட்டிருந்த பெயர் வீடு. நான் என்ன செங்கலா, சிமெண்டா என்று வடிவு கேலி செய்வாள். அப்போதும் அவர் மாற்றவில்லை.

அவர் ஞானசெல்வியைப் பார்த்தார். நேற்று கஞ்சி எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனவள் அவள்தான். டாக்டர் அவளிடம் 'பார்க்கலாம்' என்று சொல்லியிருக்க மாட்டார்.

"அன்னைக்கு அந்த நம்பர்ல இருந்து யாராவது கூப்பிட்டா..." அவள் கம்ப்யூட்டர் வயரைச் சுருட்டினாள். "யாரும் யாரையும் ஒண்ணும் கேக்கக் கூடாதுல்லா, அண்ணாச்சி."

ஓங்கி அறையலாம் என்று வந்தது. அவள் நல்லதுக்குச் செய்திருக்கிறாள். அவர் சொல்லிக்கொடுத்தபடியே செய்திருக்கிறாள். அதைத்தான் தாங்க முடியவில்லை.

அந்த எழுத்துகளை அழித்தார். வீடு என்று அடித்தார். அவசரத்தில் வேறு எதுவோ விழுந்தது. அதையும் அழித்துவிட்டு மறுபடி அடித்தார்.

இப்போது ஞானசெல்வியின் ஃபோனிலும் வீடு. கொட்டகையில் இசக்கியின் சட்டைப் பையிலும் வீடு. யார் வீடு என்று அவர்களுக்குப் புரியாவிட்டால் போகட்டும். தலைவார வேண்டும் என்று சொல்கிற ஒருத்தியின் எண் அது.

கொஞ்சம் தெம்பு வந்தது போலிருந்தது.

ஞானசெல்வியின் ஃபோன் அடித்தது. யாரோ பெட்டி கேட்கிறார்கள். எந்தத் தெரு என்று அவள் கேட்பாள் என அவர் காத்திருந்தார்.

அவள் கேட்கவில்லை.

"பெட்டி ஒண்ணும் இல்லையேய்யா" என்றாள், மெதுவாக. "எல்லாம் வெளிய போயிருக்கு. வேற எங்கயாவது கேட்டுப் பாருங்க."

அவர் கொட்டகைப் பக்கம் திரும்பினார். இசக்கி கழுவி முடித்துவிட்டு, கண்ணாடி மூடியைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தான்.

பெட்டியைக் கையில் வைத்துக்கொண்டு இல்லை என்று சொல்லும் பழக்கம் இந்தக் கடைக்குக் கிடையாது. அது அவளுக்கும் தெரியும், இசக்கிக்கும் தெரியும்.

யாருக்கு என்று கேட்க வாயெடுத்தார்.

கேட்கவில்லை.

சீப்பை எடுக்க வீட்டுக்குப் போனார்.