கூடுதலாக மூன்று பேர்

"லிஸ்ட்டுல மூணு பிள்ளைங்க இருக்கு. வீட்டுல ஒண்ணையும் காணோமே?"

வாசலில் நின்றபடியே கேட்டார் விட்காம். வாஷிங்டனிலிருந்து வந்திருக்கும் ஜனக்கணக்கை மறுபடி சரிபார்க்கும் அதிகாரி. கையில் தடிமனான காகிதக் கட்டு.

கதவைத் திறந்த பிரீடா ஒதுங்கி நின்றாள். அவள் கணவன் பெர் ஹெட்லுண்ட்தான் சாப்பாட்டு மேஜையிலிருந்து எழுந்து வந்தான். ரயில்வே யார்டில் வேலை முடிந்து அப்போதுதான் வந்திருந்தான். கழுவியும் விரல்களில் கரி போகவில்லை.

"எங்களுக்குப் பிள்ளைங்க கிடையாது சார். கல்யாணமாகி பன்னெண்டு வருஷம். நானும் இவளும் மட்டும்தான்."

"ஆல்மா, வயசு பதினொண்ணு. ஆக்செல், ஒம்போது. சிக்னே, ஆறு. ஜூன் மாசம் கணக்கெடுத்த டெனிஸ் கார்மடி அப்படித்தான் எழுதியிருக்கான்."

பெர்ருக்கு முகம் சிவந்தது.

"புளுகுறான். உள்ளே வாங்க. தேடிப் பாருங்க."

அந்த 1890 கோடையில் செயின்ட் பால் நகரில் வேறு பேச்சே இல்லை. ஆற்றுக்கு அந்தப் பக்கம் மினியாபொலிஸ். எந்த ஊரில் ஜனம் அதிகம், எது பெரிய ஊர் என்று இரண்டுக்கும் வருஷக்கணக்காக இழுபறி. ஜனக்கணக்கு வந்ததும் இரண்டு பக்கமும் இல்லாத ஆட்களின் பெயர்கள் பட்டியலில் ஏறின. மாறி மாறிப் புகார் பறந்தது. கடைசியில், முதலிலிருந்து வீடு வீடாக எண்ணச் சொல்லி உத்தரவு வந்துவிட்டது.

விட்காம் நாற்காலியில் உட்கார்ந்தார். பிரீடா காப்பி ஊற்றி வைத்தாள்.

"ஒரு முடிவெட்டுற கடையில ஒரு கூட்டமே குடியிருக்கிறதா எழுதியிருக்காங்க" என்றார் அவர். "நாற்காலியிலேயே தூங்குவாங்க போல."

பெர் சிரிக்கவில்லை. "கல்லறையில கிடக்கிறவனையெல்லாம் மினியாபொலிஸ்காரன் எழுதுறான்னு யார்டுல நாங்க கிண்டல் பண்ணிக்கிட்டிருந்தோம். இப்ப நம்ம ஆளே இப்படிப் பண்ணா எந்த மூஞ்சியோட பேசுறது? ஒழுங்கா எண்ணினாலே அவங்களை ஜெயிச்சிருப்போம் சார்."

"கார்மடியை லாக்கப்புல வச்சிருக்கோம். ஆனா ஒண்ணு புரியல. இந்தத் தெருவுல அவன் எழுதின மத்த வீடெல்லாம் ரொம்பச் சரி. உங்க வீட்டுல மட்டும்தான் மூணு பேர் கூடுதல்."

"ஒண்ணோ மூணோ, பொய் பொய்தானே? உள்ளே தள்ளுங்க."

"அப்ப இதுல ஒரு கையெழுத்துப் போடுங்க. இங்க பிள்ளைங்களே இல்லைன்னு. கேஸுக்கு இது போதும்."

பெர் பேனாவை வாங்கிக் குனிந்தான்.

"போடாதே பெர்."

இருவரும் திரும்பிப் பார்த்தார்கள். பிரீடா அடுப்பருகே நின்றிருந்தாள். ஏப்ரனை இரண்டு கையாலும் முறுக்கிப் பிடித்திருந்தாள்.

"கார்மடி அவரா எதுவும் எழுதல. நான்தான் சொன்னேன்."

"நீயா? எதுக்கு?"

"எத்தனை பிள்ளைங்களுக்குத் தாய்னு கேட்டார். எல்லா வீட்டிலயும் கேட்கிற கேள்விதான். ஆனா என்னை அதுவரைக்கும் யாரும் அப்படிக் கேட்டதில்ல. மூணுன்னேன். அதுல எத்தனை உயிரோட இருக்குன்னார். அதுக்கும் மூணுன்னுட்டேன். பேர் கேட்டார். சொன்னேன். இப்ப இருந்தா என்ன வயசோ, அதையும் சொன்னேன்."

விட்காம் பேனாவைத் திரும்ப வாங்கிக்கொண்டார்.

மூன்று பிரசவம். மூன்றிலும் குழந்தை அழவில்லை. ஒவ்வொரு தடவையும் பெர்தான் துணியில் சுற்றி எடுத்துப்போய்ப் புதைத்துவிட்டு வந்தான். பிள்ளைகளின் முகத்தைக்கூட அவள் பார்க்கவில்லை. மூன்றாவது போன அன்று சொன்னான், இந்தப் பேச்சை இனி இந்த வீட்டில் எடுக்கக் கூடாது என்று. தொட்டிலைப் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்துவிட்டான். ஆறு வருஷமாக அவளும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. கல்நெஞ்சக்காரன் என்று நினைத்துக்கொண்டதோடு சரி. பெயர் வைத்ததைக்கூட அவனிடம் சொன்னதில்லை.

"பொய்த் தகவல் கொடுக்கிறதும் குற்றம்தான்மா" என்றார் விட்காம் மெதுவாக.

"தெரியும். என்னைக் கூட்டிக்கிட்டுப் போங்க. கார்மடியை விட்டுடுங்க. வீட்டுக்கு வந்து கேட்டதை எழுதினதைத் தவிர அவர் எந்தத் தப்பும் பண்ணல."

அவர் காப்பிக் கோப்பையைத் தள்ளி வைத்தார். "நீங்க சொன்னது அவன் காதுல சரியா விழலன்னு எழுதிக்கிறேன். கார்மடி நாளைக்கு வெளியே வந்துடுவான். ஆனா இந்தப் பேரையெல்லாம் நான் அடிச்சுத்தான் ஆகணும்மா. உயிரோட இருக்கிறவங்களை எண்ணத்தான் என்னை அனுப்பியிருக்காங்க."

பிரீடா தலையாட்டினாள். அவர் பேனாவை மையில் தொட்டு, ஆல்மாவின் பெயர்மேல் கொண்டுபோனார்.

"இருங்க" என்றான் பெர்.

பிரீடா கண்ணை மூடிக்கொண்டாள். அவன் கத்தப்போகிறான் என்று நினைத்தாள். ஆனால் நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. அவன் எழுந்து வந்து பக்கத்தில் நின்றான்.

"எண்ணிக்கை தப்பு சார்."

"தெரியும். அதான் அடிக்கப் போறேன்."

"அதில்ல. மூணு இல்ல, நாலு." பெர் மனைவியின் முகத்தைப் பார்க்காமல் சொன்னான். "கடைசிப் பிரசவத்துல நீ ரெண்டு நாள் நினைவில்லாம கிடந்தே, பிரீடா. அந்தப் பொண்ணு பின்னாடியே ஒரு பையனும் பொறந்தான். அவன் அழுதான். எமில்னு பேர் வச்சேன். நீ கண் முழிச்சதும் காட்டலாம்னு சாயங்காலம் அவன் மூச்சு அடங்குற வரைக்கும் கையிலயே வச்சிருந்தேன்."