வளைவுக்கு அப்பால் மஞ்சள் கோடு

நாலந்தை வளைவில் வெயில் தாரை உருக்குகிறது. பள்ளிக்கூடப் பிள்ளைகள் வீதியைக் கடக்க ஒரு மஞ்சள் கோடு கேட்டு ஹமீமா அரசாங்கக் கந்தோர் கந்தோராக ஏறி இறங்கியிருக்கிறாள். இன்றைக்கு வீதி வேலைக்காரர்கள் சாய வாளியும் தூரிகையுமாக வந்தேவிட்டார்கள். மகன் றிஸ்வி லொறியில் அடிபட்டு விழுந்த இடத்தில் போய் நிற்கிறாள். "இங்கதான் போடணும் சேர். எம்புள்ள மவுத்தான இடம்." எஞ்சினியர் மகேந்திரராஜா தொப்பியைக் கழற்றுகிறார். "வளைவுல போட்டா வர்ற லொறிக்குப் புள்ளைங்க தெரியாது தங்கச்சி. அந்தப் பலாமரத்துக்கிட்டதான் போடலாம்." "அப்ப இவ்விடத்துல ஒண்ணுமே இருக்காதா?" அவர் தொப்பியைக் கையில் சுற்றுகிறார். "சாயம் வாளியிலேயே சோறா வெந்துரும் சேர்" என்று முணுமுணுக்கிறான் வேலையாள். ஹமீமா முக்காட்டு நுனியை வாயில் அழுத்துகிறாள். "அங்கயே போடுங்க."

பலாமரத்தடியில் முதல் கோடு விழுகிறது. அது காய்வதற்குள் தம்புள்ளைப் பக்கமிருந்து கோவா மரக்கறி மூட்டைகளோடு ஒரு லொறி அலறிக்கொண்டு வருகிறது. மகன் விழுந்த இடத்தைவிட்டு அசையாமல் ஹமீமா இரண்டு கைகளையும் உயர்த்துகிறாள். பிரேக் கிறீச்சிடுகிறது. அவளுக்கு ஒரு முழம் முன்னால் லொறி நிற்கிறது. "சாகவா நிக்கிறீங்க உம்மா?" என்று கத்துகிறான் சாரதி. "கோடு காயட்டும் மகன்" என்கிறாள்.