ஒரு பெட்டித் தோட்டா

கண்ணாடி அலமாரியில் அடுக்கிய தோட்டாப் பெட்டிகளின் மேல் காலை வெயில் சாய்ந்து கிடக்கிறது. கடைக்காரம்மா பழைய விலைச்சீட்டுகளை நகத்தால் சுரண்டி எடுத்துவிட்டுப் புதியவற்றை ஒட்டிக்கொண்டிருக்கிறார். தோட்டா வாங்க வந்த பேருந்து ஓட்டுநர் புதிய விலையை இரண்டு முறை படிக்கிறார். பக்கத்தில் நிற்கும் அவர் மகளுக்கு அடுத்த வாரம் துப்பாக்கி சுடும் தேர்வுப் போட்டி. “போன மாசம் இவ்வளவு இல்லையேம்மா?” என்கிறார் ஓட்டுநர், கடைக்காரம்மாவிடம். “ஈயம் ஏறிடுச்சு, பித்தளை ஏறிடுச்சு. போதாக்குறைக்கு நம்ம பணம் இறங்கிடுச்சு. எல்லாம் வெளிநாட்டுச் சரக்குண்ணே. விக்கிற எனக்கே வயிறு எரியுது.” ஓட்டுநர் சிரிக்கப் பார்க்கிறார், வரவில்லை. சட்டைப்பைக்குள் போன கை அங்கேயே தங்கிவிடுகிறது. “ரெண்டு பெட்டி வேணும்னு சொன்னியேம்மா?” என்று மகளிடம் கேட்கையில் குரல் தேய்கிறது. “ஒண்ணு போதும்ப்பா. தோட்டா போடாமலே கையைப் பழக்கிக்கலாம்” என்றவள், நின்ற இடத்திலேயே வெறுங்கையை நீட்டி, எதிர்ச்சுவரில் அடித்திருக்கும் ஆணியைக் குறிபார்க்கிறாள். தோள் அசையவில்லை. ஒரு விரல் மட்டும் காற்றில் மெல்ல மடங்குகிறது. கடைக்காரம்மா ஒட்டுவதை நிறுத்திவிட்டுப் பார்க்கிறார். ஓட்டுநருக்குத் தன் மூச்சும் நின்றிருந்தது அந்த விரல் நிமிர்ந்த பிறகுதான் தெரிகிறது.