நாடாவில் பட்ட எச்சில்

வேதாசலம் மெயின் சுவிட்சை அணைத்ததும் எல்லாத் தறியும் ஒரே நேரத்தில் நின்றன.

ஆடிக் கிருத்திகைக்குள் லுங்கிகளை அனுப்பியாக வேண்டும். அந்த அவசரத்திலும் முதலாளி தறியை நிறுத்துகிறார் என்றால் விஷயம் பெரிதுதான்.

"எல்லாரும் இங்க வாங்க. நாலு பேர் காதுல விழணும்னுதான் நிறுத்தினேன். யோகலட்சுமி, நீ கிட்ட வராத. அங்கயே நில்லு."

யோகலட்சுமி தன் தறியோரமாகவே நின்றாள்.

டீத் தூக்கோடு வந்த முதலாளியின் மனைவி கன்னியம்மாள், உள்ளே வராமல் வாசலிலேயே நின்றுவிட்டாள்.

"போன வாரம் பெரியாஸ்பத்திரியில எந்த ரூம் முன்னாடி உக்காந்துகினு இருந்த?"

வேதாசலம் பதிலுக்குக் காத்திராமல் இன்னொரு தறிக்காரன் பக்கம் திரும்பினார்.

"நீ சொல்லுடா சிங்காரம்."

"எய்ட்ஸுக்கு ரத்தம் பாக்கிற ரூம் மொதலாளி. மச்சானுக்குக் கால் கட்டுப் பிரிக்கப் போயிருந்தேன். என் கண்ணால பாத்தேன்."

பக்கத்துத் தறி அன்னம்மாள் முந்தானையால் வாயை அழுத்தித் துடைத்தாள். துடைத்துக்கொண்டே இருந்தாள்.

"இவ லீவு போட்டப்ப இவ நாடாவை வச்சித்தான் நான் ஓட்டினேன். பாவி, ஒரு வார்த்தை சொன்னாளா?"

தறியில் குறுக்கும் நெடுக்கும் ஓடி ஊடை போடும் கட்டைதான் நாடா. அதற்குள் இருக்கும் நூல் சுற்றிய தார் தீர்ந்து புதிய தார் போடும்போதெல்லாம், நாடாவின் கண்ணில், அந்தச் சின்னத் துளையில், வாய் வைத்து உறிஞ்சித்தான் நூலை வெளியே எடுப்பார்கள். அதற்கென்று கொக்கி இருக்கிறது. யார் தேடி எடுப்பது? வாய்தான் வேகம். ஒருத்தர் எச்சில் பட்ட நாடாவில் இன்னொருத்தர் வாய் வைப்பது அங்கே தினமும் நடப்பதுதான்.

"புருஷன் லாரி ஓட்டினவன் இல்ல?" என்றான் சிங்காரம். "போறதுக்கு முன்னாடி குடுத்துட்டுப் போயிருப்பான்."

"அவன் போயி நாலு வருஷம் ஆவுது. இவ இன்னா பண்ணிகினு இருந்தாளோ," என்றாள் அன்னம்மாள்.

யோகலட்சுமியின் முகம் சிவந்தது. "எனக்கு ஒண்ணும் இல்ல மொதலாளி. நான் துணைக்குப் போனேன்."

"யாருக்கு?"

யோகலட்சுமி வாசல் பக்கம் ஒருமுறை பார்த்தாள். பிறகு தலையைக் குனிந்துகொண்டாள்.

"பேரைச் சொல்லு. இப்பவே தறியை ஓட்டு."

"சொல்ல மாட்டேங்க."

"பேருன்னு ஒண்ணு இருந்தாத்தானே சொல்லுவ."

"ரெண்டு புள்ளைங்க இருக்குது மொதலாளி. இந்தத் தறி இல்லன்னா நான் எங்க போவேன்?"

"அதை முன்னாடியே யோசிச்சிருக்கணும். அன்னிக்கு ஆஸ்பத்திரியிலேர்ந்து ஒருத்தி பையைத் தூக்கிகினு வந்தாளே, உறை கிறைன்னு பாடம் நடத்தறதுக்கு. இது மானமா பொழைக்கிற எடம், இங்க அதுக்கெல்லாம் ஆளு இல்லன்னு தொரத்தி விட்டேன். எனக்குத் தெரியாம உள்ளயே ஒருத்தி இருந்திருக்கா."

அன்னம்மாள் ஆமோதிப்பது போல் தலையை ஆட்டினாள்.

"சிங்காரம், அந்த நாடாவைக் கொண்டு போய் அடுப்புல போடு. நீ கிளம்புமா."

சிங்காரம் ஒரு கந்தல் துணியால் நாடாவைச் சுற்றி, செத்த எலியைத் தூக்குவது போலத் தூக்கிக்கொண்டு நடந்தான்.

கன்னியம்மாள் டீத் தூக்கைக் கீழே வைத்தாள்.

"அதை இங்க குடு."

"வேணாங்கா, அது வந்து..."

"குடுடா."

துணியை உதறி எறிந்தாள். கூடையிலிருந்து ஒரு தாரை எடுத்து நாடாவில் செருகினாள். அதன் கண்ணில் வாய் வைத்து உறிஞ்சினாள். நூல் நுனி உதட்டுக்கு வந்தது.

"பைத்தியமா உனக்கு?" வேதாசலம் பதறினார். "துப்பு. போயி வாயைக் கழுவு."

"எதுக்கு? எச்சில்ல இது ஒட்டாது. முத்தம் குடுத்தாக்கூட வராதாம்."

"கன்னியம்மா, எல்லாரும் நிக்கிறாங்க. இன்னா பேச்சு இது?"

"நீங்க நிறுத்தி வச்ச பேச்சுதான். இது இருக்கிற ஆளுகூட உறை இல்லாம படுத்தா வரும். உறை போட்டிருந்தா தடுத்திருக்கலாமாம். அதைச் சொல்ல வந்தவளைத்தான் வாசலோட தொரத்தினீங்க."

"உனக்கு யாரு சொன்னா இதெல்லாம்?"

"அக்கா, வேணாம்," என்றாள் யோகலட்சுமி. "நான் போயிடறேன். விடு."

"நீ எதுக்குடி போவணும்? தறியில உக்காரு."

கன்னியம்மாள் கணவர் பக்கம் திரும்பினாள்.

"கர்ப்பப்பை ஆபரேசனுக்கு முன்னாடி டெஸ்டுக்கு ரத்தம் குடுத்தேனே, ஞாபகம் இருக்குதா? கூட வாங்கன்னு கூப்பிட்டேன். நூல் எடுக்க வெளியூர் போவணும்னீங்க. ரிசல்ட்டைக் கேட்டு நான் மயங்கி விழுந்தப்ப முகத்துல தண்ணி தெளிச்சவ இவதான். யார்கிட்டயும் சொல்லாதடின்னு கையைப் புடிச்சேன். சோறு போற நேரத்துலகூட அவ சொல்லல."

அன்னம்மாள் முந்தானையை வாயிலிருந்து எடுத்தாள்.

வேதாசலத்துக்கு முகமெல்லாம் வேர்த்தது. வேகமாகப் போய் மெயின் சுவிட்சில் கை வைத்தார். தறி ஓடினால் அந்தச் சத்தத்தில் பக்கத்தில் நிற்பவர் பேசுவதுகூடக் கேட்காது.

கன்னியம்மாள் குறுக்கே வந்து நின்றாள்.

"இருங்க பாவா. நாலு பேர் காதுல விழணும்னுதானே நிறுத்தினீங்க?"

நாடாவை அவர் கையில் வைத்தாள்.

"எனக்கு இது நாடாவுல வரல."