கழுத்து வரை பட்டன்

"கழுத்து வரைக்கும் பட்டன், ரெட்டைப் பின்னல். பொறந்தப்பவே இஸ்திரி போட்டுட்டாங்க போல," என்றாள் புயல்.

கிழிந்த ஜீன்ஸ் கும்பலுக்கு அவள்தான் தலைவி. மற்ற மூவரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். கல்லூரிக் கேன்டீனில் அவர்களோடு உட்கார இடம் கேட்டு வந்த புதுப்பெண் தலைகுனிந்து நகர்ந்தாள்.

சாயங்காலம், புயல் வழக்கமாக உடை மாற்றும் பேருந்து நிலையக் கழிப்பறை பூட்டியிருந்தது. இந்தக் கோலத்தில் வீட்டுக்குப் போனால் அப்பா தோலை உரித்துவிடுவார். அவள் நூலகக் கழிப்பறைக்கு ஓடினாள். ஜீன்ஸைக் கழற்றி, பையிலிருந்த பாவாடை சட்டையை மாட்டி, கழுத்து வரை பட்டன் போட்டு, இரட்டைப் பின்னலோடு வெளியே வந்தாள்.

கண்ணாடி முன் அவளுடைய மூன்று தோழிகளும் அதே கோலத்தில் இரட்டைப் பின்னல் பின்னிக்கொண்டிருந்தார்கள்.

"நீயுமா? உனக்குப் பயந்துதான்டி நாங்க ஜீன்ஸையே கிழிச்சோம்," என்றாள் ஒருத்தி.

"அப்போ அந்தப் புதுப்பொண்ணைச் சேர்த்துக்கலாமா?" என்றாள் இன்னொருத்தி.

புயல் மேல் பட்டனைச் சரிசெய்துகொண்டாள்.

"சேச்சே. அவ டிரெஸ்ஸைப் பார்த்தேல்ல?"