எண் இல்லாத சுறா

அந்தத் தீவைச் சுற்றி நீந்திய சுறாக்கள் எல்லாமே எண் போட்ட எந்திரங்கள். கடலுக்கடியில் அவற்றைக் கட்டிக்கொள்ளும் விருந்தினர்களைப் படம் எடுப்பதுதான் ஒன்பது வருடமாக ஜெனோவாவின் வேலை. இன்று ஒரு சுறா தனியாகத் திரிந்தது. படம் எடுத்துவிட்டு, விசையை அழுத்தி அதை நிறுத்தக் கையை நீட்டினாள். இரண்டு விரல்களைக் கடித்தெடுத்துக்கொண்டு அது போய்விட்டது.

படகில் ஏறியதும், படகோட்டி லிகோரி அவள் கையில் துண்டைச் சுற்றிக் கட்டினான். அவளுக்கு வலியே தெரியவில்லை.

"எந்த நம்பர் அக்கா? ரிப்பேருக்கு எழுதணும்."

உயிருள்ள சுறா என்று சொன்னால், பொழுது சாய்வதற்குள் தேடிக் கொன்றுவிடுவார்கள். மறு கையால் கேமராவை எடுத்து அந்தப் படத்தை அழித்தாள்.

"பதினாலு."

"பதினாலு நேத்துலேர்ந்து கரையில கழட்டிக் கிடக்கே அக்கா."

ஜெனோவா தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தாள். லிகோரி அவள் கேமராவைப் பார்த்தான், பிறகு தண்ணீரைப் பார்த்தான்.

"பதினஞ்சுன்னு எழுதிக்கிறேன்," என்றான்.