படத்தில் விழாத பை

எக்ஸ்ரே படத்தைச் சன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்த டாக்டர் உச்சுக்கொட்டினார்.

இந்தத் தடவையும் பித்தப்பை விழவில்லை.

எனக்குக் கோபம் உச்சி வரைக்கும் ஏறியது. எழுமலையிலிருந்து மதுரைக்கு இது மூன்றாவது நடை. அடுப்புக்கரி போட்டு ஓட்டுகிற அந்தக் கரிபஸ் மேடு கண்ட இடமெல்லாம் நின்றுவிடும்; இறங்கித் தள்ளித் தள்ளியே என் இடுப்பு போச்சு. எல்லாம் என் இளையதாரம் ஒச்சாயிக்காக.

நெஞ்சுக்குழியில் பிடித்து வலது தோளுக்கு ஏறுகிற வலி என்று அவள் சொன்னதுமே, கல்லாக இருக்கும் என்றார் டாக்டர். படம் எடுப்பதற்கு முந்தின இரவு வீட்டில் விழுங்கச் சொல்லி மாத்திரை கொடுத்தார். இரண்டு தடவையும் விழுங்கியாச்சு என்றுதான் சொன்னாள்.

வலிக்காரிக்கு வாய் மட்டும் அடங்கியதா? போன தடவை ஊர் திரும்பும்போது, எண்ணெய் ஆகாது என்று டாக்டர் சொல்லியும், எண்ணெய் சொட்டச் சொட்ட வடை தின்றாள். ஒரு முனகல் இல்லை.

மூத்ததாரம் இருளாயி அதற்கு மேல். ஒச்சாயிக்குக் கூடப்பிறந்த அக்காதான். இன்று காலை நாங்கள் கிளம்பும்போது அடுப்படிச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தவள், எழுந்து ஒரு வாய் கூழ் கரைத்துத் தரவில்லை. தங்கச்சிக்குச் செலவழிக்கிறேனே என்று வயிற்றெரிச்சல், வேறென்ன?

மாத்திரை விழுங்கியும் பை தெரியவில்லை என்றால் அது கெட்டுப்போயிருக்கும், அறுத்து எடுக்க வேண்டியதுதான் என்றார் டாக்டர்.

அறுங்க சாமி, தொல்லை விட்டது என்றேன். சலித்துப்போயிருந்தது.

ஒச்சாயி வெடித்துவிட்டாள்.

"என்ன மருந்துய்யா குடுக்குறீக? ரெண்டு தடவ முழுங்கியும் அக்காவுக்கு வலி விடலையே!"

டாக்டர் படத்தைக் கீழே வைத்தார். அது மருந்தே இல்லை, படத்தில் பை தெரிவதற்காகக் கொடுக்கிற சாயம் என்றார். பிறகுதான், எந்த அக்கா என்று கேட்டார்.

ஒச்சாயி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு என் பக்கம் திரும்பினாள்.

"அவளுக்குத்தான் வலின்னா, கூட்டிட்டு வந்திருப்பீகளா மாமா?"